ஒரு பாடவேளைக்கு ஏற்றது கோ-கோவா, வாலிபாலா?

நாற்பது மாணவர்களுக்கு ஒரே உடற்கல்வி ஆசிரியர் உள்ள உயர்நிலைப் பள்ளியில், வகுப்பு நேரத்துக்குக் கோ-கோவே என் தேர்வு. வாலிபால் களத்தில் அணிக்கு 6 பேர் வீதம் 12 பேர் மட்டுமே ஆட முடியும்; சர்வீஸ் போடவே இன்னும் பழகாத ஒன்பதாம் வகுப்பினருக்கு ஆடும் நேரத்தைவிடப் பந்தை எடுத்துவர ஓடும் நேரமே அதிகம். (வலை கிழியாமல் இருந்தால் அதுவே பெரிய பேறு.)

கோ-கோவுக்கு இரண்டு கம்பங்களும் சுண்ணாம்புக் கோடுகளும் போதும். துரத்தும் அணியில் 9 பேர் களத்தில் இருக்க, அவர்களுள் 8 பேர் ஒருவர்விட்டு ஒருவர் எதிரெதிர்த் திசை நோக்கி அமர்ந்து, 'கோ' (துரத்துபவர் பின்னாலிருந்து தொட்டுச் சொல்லும் குரல்) கிடைத்த கணமே எழுந்து பாய வேண்டியிருப்பதால், ஓட்டத்தோடு கவனமும் கூர்மையாகிறது. கட்டாந்தரையில் முழங்கால் சிராய்ப்பது உண்மையான குறைதான். பாஸ், செட், ஸ்மாஷ் எனப் படிப்படியாகக் கற்க வேண்டிய வாலிபாலுக்கு, விரும்பும் சிலரோடு நடத்தும் மாலைப் பயிற்சியே பொருந்தும்.