தைத்த புத்தகமா, ஒட்டிய புத்தகமா? ஏற்காட்டு அலமாரி சொன்ன பதில்

போன மழைக்காலம் முடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். சிறு பதிப்பகங்களின் புதிய திகில் கதைகளையும் விசித்திரக் கதைகளையும் வாங்கும்போது, தையல் போட்ட கெட்டி அட்டைப் பதிப்பு இருந்தால் இனி அதைத்தான் வாங்குவேன். அதற்காக ஆண்டுக்கு எட்டுப் புத்தகம் என்பது மூன்றாகக் குறைந்தாலும் சரி.

இவ்வகைக் கதைகள் சிறு பதிப்பகங்களின் கையில்தான் பிழைத்து வந்திருக்கின்றன. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் 1937-இல் இறந்தார். அவருடைய கதைகளை நூலாக்கப் பெரிய பதிப்பகங்கள் முன்வராததால், அவருடைய எழுத்தாள நண்பர்கள் ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்ட் வான்ட்ரேயும் 1939-இல் ஆர்க்காம் ஹவுஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கி, முதல் நூலை 1268 பிரதிகள் அச்சிட்டார்கள். இங்கிலாந்தின் டார்டரஸ் பிரஸ், டப்ளினின் ஸ்வான் ரிவர் பிரஸ் போன்றவை இன்று வெளியிடும் கெட்டி அட்டைப் பதிப்புகள் அதைவிடவும் குறைவு, சில நூறு பிரதிகள்தான். இன்னொரு பக்கம், கேட்கிறவருக்கு ஒரு பிரதி அச்சிட்டு அனுப்பும் பி.ஓ.டி. (பிரிண்ட் ஆன் டிமாண்ட்) முறை. அதில் வருவது பெரும்பாலும் மெல்லிய அட்டை போட்டு, முதுகில் பசையால் ஒட்டிய புத்தகம்.

எது மலிவு என்று சொல்லத் தேவையில்லை. ஒரு தையல் பதிப்பின் விலையோடு வெளிநாட்டுத் தபால் செலவையும் கூட்டினால் நான்கு பி.ஓ.டி. புத்தகங்கள் வாங்கிவிடலாம். 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகங்களுக்கு விதித்த 5 சதவீதச் சுங்க வரியெல்லாம் தபால் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மின்நூலுக்குப் பூசணமும் பிடிக்காது, இடமும் வேண்டாம். ஆனால் பேய்க் கதையை நான் திரையில் படித்துப் பழகவில்லை என்பதால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

எனக்கு முடிவைச் சொன்னது பராமரிப்பு. குடும்பம் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறது. எனக்கு வேலை ஏற்காட்டில், காப்பித் தோட்டத்தை ஒட்டிய வாடகை வீடு. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர். இடையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். என் பையிலிருக்கும் புத்தகம் வாரத்துக்கு ஒரு முறையாவது அந்த வளைவுகளில் ஏறி இறங்குகிறது. மே மாதம் கீழே வெயில் 40 டிகிரியைத் தொடும். அக்டோபரில் மேலே பனிமூட்டம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும். ஒட்டிய புத்தகத்துக்கு இதைவிடக் கடுமையான சோதனை இருக்காது. அந்தப் பசை சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். நாளாக ஆக விறைத்த இடத்தில் வெடிக்கும்.

போன நவம்பரில் அது என் கையிலேயே நடந்தது. மின்சாரம் போய், அவசர விளக்கு வெளிச்சத்தில் ஒரு புதிய தொகுப்பின் நீளமான கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். கதையில் கிணற்றடிக் கதவு திறக்கும் இடத்தில் பக்கத்தைத் திருப்பினால், தாள் முதுகிலிருந்து கழன்று விரலோடு வந்துவிட்டது. அடுத்ததும் வந்தது. விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். முதுகின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். பசை பழைய மெழுகைப் போல வெளிறி, நகத்தால் தொட்டால் துகளாக உதிர்ந்தது. வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை.

அதையும், அதே மழையில் அட்டை நனைந்து ஊதிப்போன ஒரு தையல் பதிப்பையும் எடுத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பைண்டிங் கடைக்குப் போனேன். பெரியவர் முதலில் ஒட்டிய புத்தகத்தைப் புரட்டினார். "இதில் தைக்க மடிப்பே இல்லையே தம்பி" என்றார். அச்சானதும் முதுகைச் சீவிவிட்டுப் பசை பூசுகிறார்கள். அதனால் ஒவ்வொரு தாளும் தனித்தனி. பக்கவாட்டில் துளை போட்டுத் தைத்துத் தரலாம், ஆனால் உள் ஓரத்தில் அரை அங்குலம் தையலுக்குள் போய்விடும், விரித்துப் படிக்க முடியாது என்றார்.

தையல் பதிப்பைக் கையில் வாங்கிப் பார்த்ததும் அவருடைய கை வேகம் மாறிவிட்டது. ஊதிய அட்டையை உட்தாளோடு கத்தியால் அறுத்து எடுத்தார். உள்ளே ஃபாரம் ஃபாரமாக, அதாவது சில தாள்களை ஒரு கட்டாகச் சேர்த்து மடித்து, ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் இழை ஓடிய கட்டு அப்படியே நின்றது. ஒரு தாளும் அசையவில்லை. பழைய பசையைச் சுரண்டி, புதிய அட்டை போட்டுப் பச்சைக் காலிகோ (பைண்டிங் துணி) ஒட்டிக் கொடுத்தார். பதிப்பாளர் போட்ட அழகான துணி அட்டை போய்விட்டதில் எனக்கு வருத்தம்தான். மறுவிற்பனை மதிப்பும் அதோடு போயிற்று. ஆனால் கதைகள் முழுசாக இருக்கின்றன, மேசையில் வைத்தால் புத்தகம் தானாக விரிந்து படுக்கிறது.

தையல் பதிப்புக்கு மலையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பூசணம் முதலில் பிடிப்பது அதைத்தான். காற்றில் ஈரப்பதம் எழுபது சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், துணியிலும் அட்டைப் பசையிலும் சாம்பல் நிற வட்டங்கள் கிளம்பும். மாவுப் பசை இருக்கும் இடத்தை இராமபாணப் பூச்சி தேடி வரும். நான் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அலமாரியைப் போட்டு, புத்தகங்களை நெருக்காமல் அடுக்கி, துணிப் பொட்டலத்தில் வசம்பு வைத்திருக்கிறேன். வெயில் வருகிற நாளில் நிழலில் விரித்துக் காயவைத்து, உலர்ந்த தூரிகையால் துடைக்கிறேன். நேர் வெயிலில் வைத்தால் அட்டை வளைந்துவிடும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கே போகிறது. என்னிடம் இருப்பவை பதினொரு தையல் பதிப்புகள்தான், அவற்றில் மூத்தது பார்த்தது ஆறு மழைக்காலம். இருபது ஆண்டு தாங்குமா என்று இந்த அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. பசையிலும் நல்ல பசை உண்டு. பி.யு.ஆர். (பாலியூரித்தேன்) என்னும் வகை வளைந்து கொடுக்கிறது. அப்படி ஒட்டிய இரண்டு புத்தகங்கள் என்னிடம் இதுவரை நன்றாகவே இருக்கின்றன. இரண்டை வைத்து எதுவும் உறுதியாகச் சொல்லிவிடக் கூடாது.

பி.ஓ.டி. புத்தகம் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதிப்பகம் இயங்கும்வரை அது உண்மை. சிறு பதிப்பகத்தை நடத்துவது பெரும்பாலும் ஓரிருவர். அவர்கள் கடையை மூடினாலோ, உரிமைக் காலம் முடிந்தாலோ விற்பனைப் பக்கத்திலிருந்து அந்தத் தலைப்பை எடுத்துவிடுவார்கள். அப்போது கையில் இருக்கும் பிரதிதான் பிரதி.

சேலத்திலேயே இருந்து, ஒரு முறை படித்துவிட்டு நண்பருக்குக் கொடுத்துவிடுகிறவர் பி.ஓ.டி. வாங்குவதே சரி. முதல் தொகுப்பு போடும் எழுத்தாளர்களை நானும் அப்படித்தான் வாங்குகிறேன். அவற்றை மலைக்குக் கொண்டுபோவதில்லை, அவ்வளவுதான். கழன்ற தாள்களைப் பக்க எண் வரிசையில் அடுக்கி ஒரு காகித உறையில் போட்டு வைத்திருக்கிறேன். கிணற்றடிக் கதை நல்ல கதை. அதை எழுதியவரின் அடுத்த தொகுப்பு தையல் பதிப்பாக வருவதாக அறிவித்திருக்கிறார்கள். பணம் அனுப்பிவிட்டேன்.