சண்டையை எங்கே பேசுவது: குரூப்பா, கோலா, இஸ்தோப்பா?

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷன் மாரியம்மன் திருவிழாக் கணக்கு இந்த முறை கோயில் மண்டபத்தில் சண்டையாகவில்லை. வட்ஸ்அப் குரூப்பில்தான் வெடித்தது. கொழும்பில் கடை வேலை பார்க்கும் தம்பி ஒருவன் இரவு பத்தரைக்கு, "மாமா கணக்கு எங்க?" என்று போட்டான். அவன் கேட்டது வரவுசெலவுத் தாளை. பொருளாளர் மாமாவின் காதில் அது "காசு எங்க?" என்று விழுந்தது. விடிந்து பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்குப் போவதற்குள் தொண்ணூறு மெசேஜ். அட்மின்களில் நானும் ஒருவன் என்பதால் அந்தக் கிழமை முழுக்க குரூப், போன் கோல், இஸ்தோப்பு (லயத்து வீட்டு முன்திண்ணை) என்று மூன்று இடத்திலும் பஞ்சாயத்துப் பண்ணிப் பார்த்தேன்.

குரூப்புக்கு ஒரு நியாயம் உண்டு. கட்டாரில் இருப்பவனும் வத்தளையில் இருப்பவளும் கோயிலுக்குக் காசு கொடுத்தவர்கள்தான், அவர்களும் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் அங்கே ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பது நடக்கவே நடக்காது. நூற்றெண்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவன் இறங்கிப் போவான்? இன்னொரு சிக்கலும் உண்டு. இளசுகள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். மாமாவுக்கு அது வாசிக்க வராது, பேரனிடம் போனைக் கொடுக்கிறார். பேரன் எந்தத் தொனியில் வாசிக்கிறானோ அதுதான் மாமாவுக்குப் போய்ச் சேர்கிறது. அனுப்பியதை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், இரண்டு நாளுக்குக் கொஞ்சம் கூடுதலான நேரத்துக்குள் எல்லாருக்கும் அழிக்கலாம். ஸ்கிரீன்ஷொட்டை யார் அழிப்பது? எங்கள் சண்டை காலையிலேயே முகநூலுக்கு ஏறிவிட்டது.

கோலில் மூச்சு கேட்கிறது, அதுதான் பெரிய வித்தியாசம். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் எடுக்காமல், ராத்திரி ஏழு மணிக்கு மேல் மேட்டு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று மாமாவுக்கு எடுத்தேன். சமாதானம் சொல்லவில்லை. அவர் சொன்னதையே திருப்பிக் கேட்டேன்: "களவுப் பட்டம் கட்டிட்டாங்கன்னு நினைக்கிறீங்களா மாமா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அது இல்ல தம்பி. பதினஞ்சு வருசமா எழுதுறேன், ஒருத்தனும் நோட்டத் தொறந்து பாக்கல. இன்னைக்கு மட்டும் என்ன?" என்றார். தொண்ணூறு மெசேஜில் இது எங்கேயும் வரவில்லை. நாங்கள் எல்லாரும் அவர் நேர்மையைப் பற்றித்தான் மாரடித்துக்கொண்டிருந்தோம்.

வொய்ஸ் மெசேஜ் கோலுக்குப் பக்கத்தில்கூட நிற்காது. குரல் மட்டும்தான் இருக்கிறது, பதில் மூச்சு இல்லை. அதோடு அதை யாரும் யாருக்கும் தள்ளிவிடலாம்.

இஸ்தோப்பு எங்கள் தாத்தா காலத்து வழி. தேத்தண்ணி குடிக்கும் வரைக்கும் சும்மா இருக்கலாம், அந்தச் சும்மா போனில் கிடைக்காது. ஆனால் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் எனக்கு மனமில்லை. லயத்தில் ஒரு காம்பிராவில், அதாவது ஒரு வீட்டு அறையில் பேசுவது ஆறு காம்பிராவுக்குக் கேட்கும். குரூப்பில் ஆகச் சரியான கேள்வியைக் கேட்டவள் ஒரு தங்கச்சி: பற்றுச்சீட்டு இல்லாத செலவை எப்படிக் குறிக்கிறீர்கள் என்று. இஸ்தோப்பில் என்றால் அவளைத் தேத்தண்ணி ஊற்றத்தான் அனுப்பியிருப்பார்கள்.

அதே தங்கச்சிக்குத்தான் மறுநாள் தெரியாத நம்பரிலிருந்து அவளுடைய டிபி (புரொபைல்) படமே வந்தது, "மாத்திப் போடுவேன்" என்ற மிரட்டலோடு. குரூப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் நம்பர் தெரியும் என்பதை நாங்கள் யாரும் யோசித்ததில்லை. வீட்டில் சொன்னது: "பொறுத்துப் போ, பேசிப் பாரு." இங்கேதான் நான் முரண்படுகிறேன். மாமா கோபப்பட்டவர், கோபப்படுகிறவருக்குக் காது கொடுக்கலாம். மிரட்டுகிறவனுக்குப் பதிலே போடக்கூடாது. மாமாவின் மெசேஜ்கள் தொல்லையாக இருந்தால் மியூட் போதும், அவருக்குத் தெரியவும் தெரியாது. மற்றவனுக்கு முதலில் நம்பரும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட், பிறகு ரிப்போர்ட், கடைசியில் புளொக். வரிசை மாறினால் அந்த உரையாடலே அழிந்து கையில் சாட்சி இல்லாமல் போகலாம். ரிப்போர்ட் பண்ணினால் அவன் கடைசியாக அனுப்பிய ஐந்து மெசேஜ் வரைக்கும் வட்ஸ்அப் நிறுவனத்துக்குப் போகும், அவனுக்கு அறிவிப்புப் போகாது.

இலங்கையில் உதவிக்கு அழைக்கும் இலக்கம் பெண்களுக்கு 1938, பிள்ளைகள் விடயம் என்றால் 1929. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கின்றன. இரண்டாவது பேச்சுரிமையை நெரிக்கும் என்று நிறையப் பேர் எதிர்த்தார்கள், அந்தப் பயம் எனக்கும் உண்டு. பொலிஸில் முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுக்க உரிமை இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள், அவ்வளவுதான். தங்கச்சி அன்றே டிபியைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றினாள், இரட்டைச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க இரகசிய எண்ணும் போட்டாள். குரூப்பை விட்டும் விலகினாள். விலகுவது இப்போது அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்பாக வரும், நான் யாருக்கும் சொல்லவில்லை.

கொழும்புத் தம்பி தீபாவளிக்கு வந்தபோது மாமா வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினான். இப்போது மாதாமாதம் அந்தப் பக்கங்கள் படமாகக் குரூப்புக்கு வருகின்றன. மாமாவின் கையெழுத்து ஒருவருக்கும் விளங்கவில்லை. அந்தச் சண்டை கோலில் போய்க்கொண்டிருக்கிறது.