வலி நிவாரண வீட்டுச் சேவை: கோத்தகிரித் தோட்டத்தில் ஏழு மாதங்கள்

குன்னூரிலிருந்து இயங்கும் ஒரு வலி நிவாரண மையம், கோத்தகிரி வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கிறது. என் அம்மாவுக்காக அந்தச் சேவையை ஏழு மாதங்கள் பயன்படுத்தினோம். ஒரு வண்டியும் இரண்டு செவிலியர்களும் மட்டுமே இருப்பதால், பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே பெயர் இல்லாமலே எழுதுகிறேன். இதைப் போன்ற ஒரு சேவையைத் தேடுகிறவர்களுக்கு, எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது இதிலிருந்து தெரிந்தால் போதும்.

அம்மா, 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்தவர். பத்தொன்பது வயதில் இந்த மலைக்கு வந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியபோது அவருக்கு வயது 68. வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வதை அவர் ஒரு குறையாகவே நினைத்தார். "லயத்துல வலி இல்லாதவ யாரு?" என்பார். (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்.) மாத்திரை உடம்புக்குச் சூடு, பழகிவிட்டால் பிறகு எதற்கும் கேட்காது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. நாங்கள் கொடுத்த மாத்திரையில் பாதியை விழுங்கிவிட்டு மீதிப் பாதியைத் தலையணை உறைக்குள் போட்டுவைத்திருந்ததை, உறையைத் துவைக்க எடுத்த நாளில்தான் கண்டேன். இரவு முழுவதும் நீலகிரித் தைலம் தேய்த்துவிடச் சொல்வார். தைலம் தோலுக்கு மேலே நின்றது, வலி எலும்புக்குள் இருந்தது.

இந்த மனப்பான்மைக்கு அம்மாவை மட்டும் குறை சொல்ல மாட்டேன். முதலில் நாங்கள் காட்டிய மருத்துவமனையில், புற்றுநோய் என்றால் வலி இருக்கத்தான் செய்யும் என்று சொல்லி, டைக்ளோஃபினாக் என்ற சாதாரண வலி மாத்திரையை மூன்று மாதங்கள் தொடர்ந்து எழுதிக் கொடுத்தார்கள். வயிறு எரிந்தது, இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு ஏறியது, வலி குறையவில்லை. இதைவிட வலுவான மருந்து இல்லையா என்று நான் கேட்டபோது, "மார்ஃபினெல்லாம் கடைசிக் கட்டத்துக்குத்தான்மா" என்று மருத்துவர் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் செய்த கேடு பெரிது. அன்றிலிருந்து அண்ணனுக்கு மார்ஃபின் என்பது மருந்தின் பெயராக இல்லாமல் அம்மாவின் சாவுச் செய்தியாகவே கேட்டது. அதனால்தான் வலி நிவாரண மையத்துக்கு எழுதிப்போடவே மேலும் ஒரு மாதம் தாமதித்தோம். அந்த மாதத்தை அம்மா உட்கார்ந்தபடியே விடிய விடியக் கழித்தார்.

மையத்தின் செவிலியர் முதன்முறை வந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் மருந்துப் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டதற்கு அம்மா வழக்கம்போல "பரவாயில்ல சிஸ்டர்" என்றார். உடனே அவர், "சரிம்மா, முதுகுல கொழுந்துக் கூடை இருக்குன்னு வெச்சுக்குங்க. இன்னைக்கு எத்தனை கிலோ?" என்று மாற்றிக் கேட்டார். அம்மா சற்று யோசித்துவிட்டு, நிறைகூடை, எடை போடும் இடம் இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று சொன்னார். நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாள் முதல் அவர் தம் வலியை அளந்து சொன்னது அதுவே முதல் தடவை. இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் பாராட்டில் பாதி இந்தக் கேள்விக்கானது.

பிறகு அண்ணனுடன் பேசினார். அபின் மாத்திரையைக் கொடுத்து அம்மாவை அடிமையாக்கப் போகிறீர்களா என்று அண்ணன் நேராகவே கேட்டார். செவிலியர் கோபப்படவில்லை. மார்ஃபின் கசகசாச் செடியின் பாலிலிருந்து வருவது உண்மைதான் என்றும், அந்தச் செடி மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தின் கீழ் பயிராகிறது என்றும் விளக்கினார். உடல் ஒரு மருந்துக்குப் பழகி, திடீரென நிறுத்தினால் தொல்லைப்படுவது வேறு. போதைக்காக அதைத் தேடி அலைவது வேறு. புற்றுநோய் வலிக்கு மருத்துவர் மேற்பார்வையில் அளவோடு எடுப்பவர்களிடம் இரண்டாவது அரிது என்று பிரித்துச் சொன்னார். வலி கூடினால் அளவைக் கூட்டலாம், கதிர்வீச்சால் வலி குறைந்தால் அளவைப் படிப்படியாகக் குறைக்கவும் செய்யலாம், ஆகவே இது கடைசி மருந்தும் இல்லை என்றார். உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே புற்றுநோய் வலிக்குப் படிப்படியான சிகிச்சை முறையை வகுத்து, மருந்தை வாய்வழியாக, கடிகாரத்தைப் பார்த்து, வலி திரும்பும் முன்பே கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அந்த அடிப்படையே நாங்கள் போன முதல் மருத்துவமனையில் எட்டவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மருத்துவர்களின் தயக்கத்துக்குச் சட்டத்திலும் ஒரு வேர் உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வந்தபின், மார்ஃபின் வைத்திருக்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டதால் மருத்துவமனைகள் அதைக் கைவிட்டன. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதைக் கையாளாமலே படித்து முடித்தார்கள். 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் ஒரே அனுமதியுடன் வைத்திருக்க வழி பிறந்தது. சட்டம் இளகிய அளவுக்குப் பயம் இளகவில்லை.

மையத்தின் மருத்துவர் அம்மாவைப் பார்த்து, டைக்ளோஃபினாக்கை நிறுத்திவிட்டு, 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரையில் பாதியை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொன்னார். காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10; அம்மாவைப் பின்னிரவில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டை அளவு. (இது அம்மாவின் வயதையும் சிறுநீரகத்தையும் பார்த்து எழுதிய அளவு, வேறு யாருக்கும் பொருந்தாது.) மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்று சொல்லி அதற்கான மாத்திரையையும் முதல் நாளே கொடுத்தார்கள். முதல் இரண்டு நாள்கள் அம்மா தூங்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்து அண்ணன் பயந்து தொலைபேசியில் அழைத்தபோது, மூச்சை எப்படி எண்ணுவது, எப்போது கவலைப்பட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். தைலத்தை நிறுத்தச் சொல்லவில்லை; தேய்த்த இடத்தில் சுடுநீர் ஒத்தடம் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள்.

எலும்பு வலிக்காகக் கோயம்புத்தூரில் ஒரே ஒரு வேளை கதிர்வீச்சுக்கும் அவர்களே கடிதம் கொடுத்தார்கள். மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் ஒவ்வொரு வளைவும் முதுகெலும்பை உலுக்கும் என்பதால், புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பு கூடுதலாக ஒரு வேளை மாத்திரை எழுதியிருந்தார்கள். வேறெந்த மருத்துவமனையும் எங்கள் சாலையை ஒரு நோயாளியின் முதுகின் வழியாக யோசித்ததில்லை.

குறைகளும் உண்டு. பதிவு செய்தபின் முதல் வருகைக்குப் பதினொரு நாள்கள் காத்திருந்தோம். வலியில் கிடப்பவருக்கு அது மிக நீண்ட காலம். இரவு எட்டு மணிக்கு மேல் தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை. மருந்துச் சீட்டு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. அதை நான்தான் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மருந்து பதினான்கு நாள்களுக்கு மட்டுமே தருகிறார்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபட்ட வாரத்தில் கையில் மூன்று நாளைக்கு மட்டுமே இருந்தது. அதன்பின் கேட்டு வாங்கி முன்கூட்டியே பெற்றுக்கொண்டோம். நீங்களும் ஜூன் பிறப்பதற்குள் கேட்டுவிடுங்கள். வருகைக்கும் மருந்துக்கும் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து நோய்த்தணிப்புப் பராமரிப்பு தருவது அடங்கியிருப்பதால், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கட்டாயம் விசாரியுங்கள்.

அம்மா ஏழாம் மாதம், ஒரு விடியற்காலையில், தூக்கத்திலேயே போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் செவிலியர் வந்து, பூட்டிய டப்பாவில் மீதமிருந்த மாத்திரைகளை எண்ணினார். இருபத்து மூன்று. கீழ் லயத்தில் தொண்டைப் புற்றுநோயோடு கிடக்கும் பெரியவருக்கு அதைக் கொடுத்துவிடலாமா என்று அண்ணன்தான் கேட்டார். அப்படிக் கொடுக்க விதி இல்லை, எண்ணிக்கையோடு பதிவேட்டில் ஏற்றித் திருப்பி எடுத்துப்போக வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்ட செவிலியர், பெரியவரின் வீட்டு எண்ணை எழுதிக்கொண்டு அங்கிருந்து நேராகக் கீழ் லயத்துக்கு நடந்தார். வழி காட்ட அண்ணனும் கூடப் போனார்.