பிஎஸ்என்எல் நெட், 2007லேர்ந்து எங்க வீட்ல

சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம் எங்களுது. 2007ல அப்பா லேண்ட்லைன்ல பிராட்பேண்ட் போட்டார், நடுவுல ஒரு எட்டு மாசம் தவிர இன்னிக்கு வரைக்கும் பிஎஸ்என்எல்தான். அது ஏன்னு கேக்குறவங்களுக்காக இது.

அந்தக் காலத்து 500 ரூவா பிளான் வச்சிருந்தவங்களுக்கு ராத்திரி ரெண்டு மணின்னு சொன்னாலே சிரிப்பு வந்துரும். பகல்ல கொஞ்சூண்டு டேட்டா, அதத் தாண்டினா எம்பி கணக்குல காசு, ஆனா ராத்திரி 2லேர்ந்து காலைல 8 வரைக்கும் எவ்ளோ இறக்குனாலும் ஃப்ரீ. 1.55க்கு அலாரம் வச்சு எந்திரிச்சு மோடத்தப் போட்டுட்டு லைன் கெடச்சிருச்சுன்னு காட்டுற அந்த டிஎஸ்எல் லைட்டு மினுக்கி மினுக்கி நிக்குற வரைக்கும் இருட்டுல அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன், அப்புறமும் 2.05 ஆகட்டும்னு காத்திருப்பேன், ஏன்னா எக்ஸ்சேஞ்ச் கடிகாரமும் நம்ம வீட்டு கடிகாரமும் ஒண்ணா ஓடும்னு என்ன நிச்சயம். ஒரு தடவ தூங்கிட்டேன், டவுன்லோடு பாட்டுக்கு ஒன்பதரை வரைக்கும் ஓடிருக்கு. அந்த மாச பில்ல அப்பா ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சார், மூணு மாசம் அங்கயே தொங்குச்சு.

2021ல ஒரு தனியார் கம்பெனிக்கு மாறுனேன், பேரு வேணாம். முத ஆறு மாசம் ஆஃபர், ஸ்பீடும் பிரமாதம், பொய் சொல்லக் கூடாது. ஆஃபர் முடிஞ்ச மாசம் பில்லு எகிறுச்சு, கேட்டா பெரிய பிளானுக்கு மாறுங்க சார்ங்கிறான், கட் பண்றேன்னு சொன்னதுக்கப்புறம் ரவுட்டர் டெபாசிட்ட வாங்க நாலு மாசம் அலைஞ்சேன். திரும்பி வந்துட்டேன்.

வந்தது ஃபைபருக்கு. நான் சேந்தப்ப 449 ரூவா பிளான், 30 எம்பிபிஎஸ் ஸ்பீடு, மாசம் 3300 ஜிபி, அதோட லேண்ட்லைன் கால் ஃப்ரீ. 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்தா 530க்கு வந்துச்சு, விளம்பரத்துல இருக்குற ரேட்ட மட்டும் பாத்துட்டு ஏமாறாதீங்க, இது எல்லா கம்பெனிக்கும் பொருந்தும். 2007ல குடுத்த 500ஐயும் ஃபைபருக்கு வந்தப்ப குடுத்த 530ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, நடுவுல தக்காளி வெல எங்க போயிருச்சு.

போன வருசம் ரோட்டு வேலைக்கு வந்த ஜேசிபி கேபிள அத்துப் போட்டுருச்சு, வீட்ல ரவுட்டர்ல எல்ஓஎஸ் லைட்டு, அதான் சிக்னல் போச்சுன்னு காட்டுறது, செவப்பா எரியுது. லோக்கல் பார்ட்னர்தான் வந்தார் (நிறைய ஊர்ல கடைசி தூரத்துக்கு கேபிள் இழுத்து பாத்துக்குறது இப்படி கமிஷன்ல இருக்குற ஆளுங்கதான், பல பேருக்கு இது தெரியாது). பைக் சீட்டு மேல இழைய ஒட்டுற மெஷினத் தொறந்து வச்சு, முடி மாதிரி இருக்குற கண்ணாடி இழைய ஸ்பிரிட் தொட்டு தொடச்சு ரெண்டு முனையையும் உள்ள வச்சார், ஸ்கிரீன்ல ரெண்டும் பெருசாத் தெரியுது, பட்டுனு ஒரு பொறி, ஒட்டிருச்சு. "ஒடஞ்ச துண்ட கீழ போட்றாதீங்கண்ணே, கால்ல ஏறுனா எடுக்க முடியாது"ன்னு சொல்லி பொறுக்கி ஒரு டப்பால போட்டுக்கிட்டார். இந்த வேலைய முன்னாடி டிபார்ட்மென்ட் லைன்மேன்தான் பாப்பாங்க, 2020 ஜனவரில ஒரே நாள்ல 78 ஆயிரத்துக்கு மேல ஊழியருங்க விஆர்எஸ்ல, அதாவது விருப்ப ஓய்வுல போயிட்டாங்க, கிட்டத்தட்ட பாதிப் பேரு. அப்புறம் சர்வீஸ் இல்ல சர்வீஸ் இல்லன்னா ஆளு எங்கேர்ந்து வருவான்.

மொபைல் பக்கம் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். எல்லாரும் 5ஜிக்குப் போனப்புறம் 2025 செப்டம்பர்லதான் இவங்க சொந்த 4ஜியவே நாடு முழுக்க தொடங்கி வச்சாங்க, அவ்ளோ லேட்டுக்கு எந்த சாக்கும் செல்லாது, அதுல பெரிய பங்கு கவர்மெண்டோடதுன்னாலும்.

ஆனா 2024 ஜூலைய யோசிச்சுப் பாருங்க. மூணு தனியார் கம்பெனியும் ஒரே வாரத்துல ரீசார்ஜ் ரேட்ட ஏத்துனாங்க, இவங்க ஏத்தல. அந்த ஒரு மாசத்துல மட்டும் பிஎஸ்என்எல்ல சுமார் 29 லட்சம் பேரு கூடுனாங்க. நவம்பர்ல எண்ணிக்க மறுபடி இறங்கவும் ஆரம்பிச்சிருச்சு, சிக்னல் இல்லாம எவன் இருப்பான். இருந்தாலும் போறதுக்கு இன்னொரு எடம் இருந்துச்சுல்ல? கவர்மெண்டு கைல ஒரு கம்பெனி இருக்குறதோட லாபம் எனக்கு அதுதான், அதுல கனெக்‌ஷன் வச்சிருக்குறவனுக்கு மட்டும் இல்ல, பக்கத்து வீட்ல தனியார் நெட் வச்சிருக்குறவனுக்கும்தான். ரேஷன் கட அரிசிய வாங்காதவனுக்கும் மார்க்கெட்டுல வெல கட்டுக்குள்ள இருக்குதுல்ல, அந்த மாதிரி.

நீங்க எடுக்குறதா இருந்தா பிளான அப்புறம் பாருங்க, மொதல்ல உங்க தெருவுக்கு ஃபைபர் குடுக்குற ஆளு யாருன்னு நாலு வீட்ல விசாரிங்க. எங்க ஆளு ராத்திரி ஒன்பது மணிக்கும் போன எடுப்பார்.