உமி பாய்லரா, கேஸ் பாய்லரா?

அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி மில் வைத்திருக்கும் அண்ணாச்சிமாருக்காக இந்த ஒப்பீடு.

மீத்தேன் (பூமியைச் சூடேற்றும் வாயு): ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டிப்படி, ஆலையில் எரிபொருளின் ஒரு டெராஜூல் (லட்சம் கோடி ஜூல்) வெப்பத்துக்கு உமி, விறகு வகைகள் 30 கிலோ மீத்தேன் விடும். எல்பிஜி 1 கிலோதான்.

இதோடு நிறுத்தினால் கேஸ்தான் ஜெயிக்கும். நிறுத்தக் கூடாது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும். அப்போது 30 கிலோ மீத்தேன் என்பது 840 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். எல்பிஜியோ அதே வெப்பத்துக்கு 63 டன் கார்பன் டை ஆக்சைடு விடும், எல்லாம் பூமிக்கடியிலிருந்து வந்தது. உமி விடும் கார்பன் டை ஆக்சைடு, கார், பிசானம் என்ற இரு நெல் பருவங்களிலும் பயிர் காற்றிலிருந்து எடுத்ததுதான்; புதிதாகச் சேர்வதல்ல.

செலவு: நெல் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி, மில்லிலேயே கிடைக்கும். கேஸுக்குக் காசு.

வசதி: கேஸ் திறந்தால் எரியும். உமிக்கு ஆள் வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும்.

தினமும் நெல் புழுக்கும் மில்லுக்கு உமியே சரி. ஆனால் ஈர உமியைப் போடாதீர்கள், காற்றை அடைக்காதீர்கள். அரைகுறையாக எரிந்தால் புகையோடு மீத்தேனும் கூடும். ஊருக்கு நடுவே இருக்கும் அல்வாக் கடை, பேக்கரிக்குக் கேஸ் போதும்.