பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த ஸ்ட்ராட் கிட்டார்: சில வருடம் வாசித்த பிறகு

ஸ்ட்ராட் என்றால் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை எலெக்ட்ரிக் கிட்டார். ஆல்டர் மரத்தில் பாடி, மேப்பிள் நெக் (கழுத்து), அதன் மேல் விரலால் அழுத்தும் ரோஸ்வுட் ஃபிரெட்போர்டு, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச் சுருள்) பிக்கப், கம்பிகளைத் தாங்கி, சுருதியை அசைக்கவும் உதவும் ஆறு திருகு ட்ரெமலோ பிரிட்ஜ். எல்லாமே தனித்தனியாக வாங்கிப் பூட்டியவை. சென்னையில் கடலுக்குக் கொஞ்சம் பக்கத்தில், ஏசி இல்லாத அறையில் சில வருடமாக இதைத்தான் வாசிக்கிறேன். பூட்டிய முதல் வாரத்தில் எந்த கிட்டாரும் நன்றாகத்தான் இருக்கும். பழகப் பழகத் தெரிந்ததை மட்டும் இங்கே சொல்கிறேன்.

இப்படிப் பூட்ட முடிவதே அமெரிக்க கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் புண்ணியம். 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது, அதற்கு முந்தைய டெலிகாஸ்டரைப் போலவே, நெக்கைப் பசை போட்டு ஒட்டாமல் நான்கு திருகால் முடுக்கியிருந்தார்கள். கழற்றி வேறு நெக் மாட்டுவது எளிது. ஆனால் ‘ஸ்ட்ராட்டுக்குப் பொருந்தும்’ என்று விற்பதெல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிடாது. பழைய வகை பிரிட்ஜில் முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் நடுவே ஏறத்தாழ 56 மி.மீ. இருக்கும், பின்னால் வந்த பலவற்றில் 52.5 மி.மீ.தான். கம்பியை முறுக்கும் டியூனரின் துளையிலும் இதே கதை. வாங்குமுன் விற்பவரிடம் அளவைக் கேளுங்கள். அளவு தெரியாது என்பவரிடம் வாங்காதீர்கள்.

பணத்தை எங்கே கொட்டுவது என்று கேட்டால் நெக்கில் என்பேன். பாடி மரத்தைப் பற்றி ஆளாளுக்கு மணிக்கணக்கில் பேசுவார்கள். என் காதுக்கு அது இத்தனை நாளில் பெரிய விஷயமாகப் படவில்லை. கை தினமும் தொடுவது நெக்கை. 25.5 அங்குல ஸ்கேல் (கம்பியின் அதிரும் நீளம்), 9.5 அங்குல ரேடியஸ் (ஃபிரெட்போர்டின் வளைவு), ஓரம் நன்றாக உருட்டிய ஃபிரெட் (ஃபிரெட்போர்டில் பதித்த உலோகப் பட்டை). இதில் குறை இருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த பிக்கப் போட்டாலும் வாசிக்கத் தோன்றாது. எலும்பு நட்டை (நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் அருகே கம்பிகளைத் தாங்கும் பட்டை) மட்டும் கை பழகிய ஒரு ரிப்பேர்காரரிடம் கொடுத்து, கம்பிக்கான பள்ளங்களை அறுத்துக்கொண்டேன். அந்தச் சில்லறைச் செலவுக்குப் பிறகு ட்ரெமலோவை அழுத்தி விட்டாலும் சுருதி பெரும்பாலும் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது.

நம்ம ஊர்க் காற்றுக்கு மரம் அசையத்தான் செய்யும். ஐப்பசி மழையில் ஒரு மாதிரி, சித்திரை வெயிலில் ஒரு மாதிரி. முதல் ஃபிரெட்டிலும் நெக் பாடியோடு சேரும் இடத்திலும் கம்பியை அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃபிரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பார்ப்பேன். 0.25 மி.மீ. பக்கம் இருந்தால் தொடமாட்டேன். இல்லாவிட்டால் நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிவிட்டு, மறுநாள் பார்த்துக்கொள்வேன். மரத்தை விட எரிச்சல் தந்தது இரும்புதான். பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சேடிலில் இருக்கும் குட்டித் திருகுகள் உப்புக் காற்றிலும் கை வியர்வையிலும் துருவேறி இறுகிவிட்டன. ஸ்டெயின்லெஸ் திருகு மாற்றியதும் தொல்லை ஒழிந்தது. கடலோரத்தில் இருப்பவர்கள் அதை முதலிலேயே வாங்கிவிடுங்கள், விலை ஒன்றும் அதிகமில்லை.

மின்சார வேலைக்கான சாமான்களில் பாதி ரிட்சி தெருவில் கிடைத்துவிடும். சால்டரிங் இரும்பு, ஈயம், வயர், 0.022 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் எல்லாம் அங்கேதான். குமிழுக்கு அடியில் இருந்து ஒலியைக் கூட்டிக் குறைக்கும் 250கே ‘பாட்’ (பொட்டென்ஷியோமீட்டர்) கூட அங்கே இருக்கும், ஆனால் அதன் தண்டின் பல் கணக்கு வேறு. அமெரிக்க வகையில் 24 பல், மெட்ரிக் வகையில் 18. ஒன்றின் குமிழ் மற்றதில் உட்காராது. அதனால் குமிழையும் ‘பாட்’டையும் ஒரே இடத்தில் வாங்குவது நல்லது.

அப்புறம் சிங்கிள் காயில் பிக்கப்பில் வரும் இரைச்சல். பாடியில் பிக்கப் உட்காரும் குழிகளுக்குள் செப்புத் தாள் ஒட்டி எர்த் கொடுத்தால் சத்தமே இருக்காது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஃபேன் ரெகுலேட்டர் கிளப்பும் கரகர சத்தம் நன்றாகவே குறைந்தது. ஆனால் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ஹம் காந்தப் புலமாக வருவது. செப்புத் தாள் அதைத் தடுக்காது. நடு பிக்கப்பைக் கம்பிச் சுருளும் காந்தமும் தலைகீழாக உள்ளதாக வாங்கியிருந்ததால், இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் ஸ்விட்சின் இரண்டாவது, நான்காவது நிலைகளில் ஹம் அடங்கிவிடுகிறது. மற்ற மூன்று நிலைகளில் அது இருக்கத்தான் செய்யும். சகித்துக்கொள்ள முடியாதவர்கள் ஹம்மை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் பக்கம் போய்விடலாம்.

செய்த மாற்றங்களில் தினமும் உதவுவது பைசா செலவில்லாத ஒன்று. பழைய ஸ்ட்ராட் வயரிங்கில் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்புக்குக் கூர்மையைக் குறைக்கும் டோன் கன்ட்ரோலே கிடையாது, காதைக் கிழிக்கும். ஸ்விட்சில் ஒரு சின்ன வயரை இணைத்து இரண்டாவது டோனை அதற்கும் வரவைத்தேன். குமிழை ஏழாம் எண்ணுக்கு இறக்கி வைத்தால் அந்தக் கூர்மை போய், பாடுபவருக்குப் பின்னால் வாசிக்கத் தோதான சத்தம் வருகிறது.

செலவு? சுங்கமும் கூரியரும் சேர்ந்து, இதே தரத்தில் கடையில் தொங்கும் கிட்டாரை விடக் கூடுதலாகத்தான் ஆனது. மிச்சம் பிடிக்க நினைத்து இதில் இறங்காதீர்கள். விற்கப் போனால் இன்னும் மோசம், பாகங்களுக்கான விலை கூடத் திரும்பாது. பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970இல் நாஷ்வில்லில் வாங்கிய பழைய ஸ்ட்ராட்களில் மூன்றைக் கலந்து பூட்டிய ‘பிளாக்கி’ 2004 ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது உண்மைதான். ஆனால் அதை வாசித்தவர் கிளாப்டன். என்னுடையதை வாங்கும் எண்ணத்தோடு பார்க்க வந்த ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "ஹெட்ஸ்டாக்கில் பெயர் எதுவும் இல்லையேண்ணா?"