கரண்ட் பிடித்தால் புண் ஆறும் என்று ஓட்டோவில் வருகிறவர்களை நம்பி அம்மாவின் காலைக் கொடுத்தோம்

சீனி வருத்தக்காரத் தாய் தகப்பனோடு வன்னியில் இருக்கும் எல்லோரும் இதை வாசியுங்கள். பரந்தன் – முல்லைத்தீவு வீதியை அண்டிய ஊர்களில் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஒரு கூட்டம் திரிகிறது. "மருந்தில்லா மின் சிகிச்சை, கிருமியையும் வீக்கத்தையும் வேரோடு அழிக்கும்" என்பது அவர்களின் அறிவிப்பு. எங்கள் ஊரில் 12 நாள் நின்றார்கள். அம்மாவின் இடது காலில் இப்போது இரண்டு விரல்கள் இல்லை.

காலபோக வெட்டு முடிந்து வைக்கோல் ஏற்றிய அன்று அம்மாவின் காலில் முள் ஏறியிருக்கிறது. ஏறியதே அவவுக்குத் தெரியாது. பின்னேரம் கிணற்றடியில் கால் கழுவும்போது நான்தான் கண்டேன். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. நாலாம் நாள் அது சீழ் கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் வெட்டித் துப்புரவாக்கி, அன்ரிபயோட்டிக் குளிசை தந்து, ஒன்றுவிட்ட ஒருநாள் வந்து மருந்து கட்டச் சொன்னார்கள். ஒழுங்காகத்தான் போனோம். ஆனால் எங்கள் பக்கம் பஸ் எப்படி ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஒருமுறை மருந்து கட்டப் போனால் எனக்கு ஒருநாள் சம்பளம் போகும். அதனால்தான், நடந்து போகிற தூரத்தில் வாசிகசாலையில் இலவசமாகச் சிகிச்சை என்று கேட்டதும் அம்மா எழும்பிவிட்டா. நான் மறிக்கவில்லை. உயர்தரத்தில் உயிரியல் படித்தவள் நான், எனக்கு அது இன்னும் நெஞ்சுக்குள் குத்துகிறது.

மண்டபத்தில் இருபது, முப்பது பிளாஸ்ரிக் கதிரை போட்டிருந்தார்கள். இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அம்மாவின் வயது. வெள்ளைக் கோட் போட்ட ஒரு பெடியன், 25 வயது இருக்கும், எல்லோரையும் "அம்மா, ஐயா" என்று வாய் நிறையக் கூப்பிட்டான். போன் அளவு சாம்பல் நிறப் பெட்டி, அதிலிருந்து நாலு வயர், வயர் நுனியில் ஒட்டுகிற கறுப்புச் சதுரங்கள். அவ்வளவுதான் மிசின். அந்தச் சதுரங்களை ஒருவர் காலில் இருந்து பிரித்து, ஈரத் துணியால் ஒருதரம் துடைத்து, அடுத்தவர் காலில் ஒட்டினான். எங்கள் முறை வந்தபோது ஒரு சதுரத்தின் பசைப்பக்கம் காய்ந்து, அதில் ஆரோ ஒருவரின் கால் மயிர் ஒட்டியிருந்தது. அதை எடுத்து அம்மாவின் புண்ணுக்கு ஒரு விரலிடை தள்ளி ஒட்டினான்.

"பயப்பிடாதேங்கோ அம்மா, எறும்பு ஊருற மாதிரித்தான் இருக்கும்."

"எனக்கு ஒண்டும் தெரியேல்லைத் தம்பி."

"அப்ப நரம்பு அடைச்சுப் போச்சு. கூட்டி விடுறன், திறந்திடும்."

கூட்டினான். அம்மா திரும்பவும் தெரியேல்லை என்றா. அவன் திரும்பவும் கூட்டினான். பெட்டியில் இலக்கம் ஏறிக்கொண்டே போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பக்கத்தில் இருந்த அன்ரிக்கு 2009இல் பட்ட செல் பீஸ் (எறிகணைத் துண்டு) இன்னும் தொடைக்குள் இருக்கிறது. இரவில் நித்திரையில்லை என்று வந்தவ. மிசின் பிடித்து ஒன்றிரண்டு மணித்தியாலம் நோ குறைந்ததாம். அதற்கு அந்தப் பெடியன் "பீஸ் கரையத் தொடங்கிட்டுது அன்ரி" என்றான். தோலில் ஒட்டிப் பிடிக்கிற இந்தக் கரண்டுக்கு இரும்புத் துண்டு உடம்புக்குள் கரையாது. பதினைந்து வருசத்துக்கு மேலாக அந்த நோவோடு படுத்தெழும்புகிற மனுசியிடம் அப்படிச் சொல்ல எப்படி வாய் வந்ததோ தெரியாது. ஆருக்காவது நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா, ஆராவது பிள்ளைத்தாய்ச்சியா என்று அந்த 12 நாளில் ஒருவரிடமும் கேட்டதை நான் காணவில்லை.

மூன்றாம் நாள் குளிசைக் கதை வந்தது. "அன்ரிபயோட்டிக்கும் கரண்டும் ஒத்துவராது அம்மா. ரெண்டையும் சேர்த்தால் கிட்னி பழுதாப் போகும். குளிசையை நிப்பாட்டுங்கோ, கட்டையும் அவிழ்த்துவிடுங்கோ, புண்ணுக்குக் காத்துப் படவேணும்." நான் கேள்வி கேட்டதும் போனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினான். வெளிநாட்டு ஆஸ்பத்திரி, கழுத்தில் ஏதோ கருவி, நடக்க முடியாத பெண் படியேறுகிறா. "பாருங்கோ அக்கா, அமெரிக்காவிலயே அங்கீகரிச்சிட்டாங்கள்." அதில்தான் நானும் விழுந்தேன். அவர்கள் போகுமுன் மிசினை வீட்டுக்கே வாங்கினோம். விலை 68,000 ரூபா. நெல் வித்த காசில் 25,000 கையில் கொடுத்து, மிச்சம் தவணை.

மிசின் வந்து ஐந்தாம் நாள் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல். பாதம் பரங்கிப் பழம் போல வீங்கி, சிவப்பு கணுக்கால் தாண்டி ஏறிவிட்டது. அறைக்குள் போனாலே மணந்தது. 1990க்கு அடித்து அம்புலன்ஸில் கிளிநொச்சிக்குக் கொண்டு ஓடினோம்.

டொக்டர் மெல்லிய கம்பி ஒன்றைப் புண்ணுக்குள் விட்டார். உள்ளே போய் "டொக்" என்று எலும்பில் தட்டியது எனக்கே கேட்டது போல இருந்தது. கிருமி எலும்புவரை போய்விட்டது என்றார். பிறகு ஒரு நைலோன் நூலால் உள்ளங்காலில் பத்து இடத்தில் தொட்டு, "தெரியுதா அம்மா?" என்று கேட்டார். கண்ணை மூடியிருந்த அம்மா ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. நீண்டகாலச் சீனியால் கால் நரம்பு செத்துவிட்டது. முள் ஏறியது தெரியாமல் போனதும் அதனால்தான், கரண்ட் தெரியாமல் போனதும் அதனால்தான். ஒரு நிமிசம் எடுக்காத இந்தச் சோதனையை அவர்கள் செய்திருந்தால், "தெரியேல்லை" என்ற சொல் கூட்டுவதற்கான காரணம் அல்ல, நிறுத்துவதற்கான காரணம் என்று விளங்கியிருக்கும். பாதத்தின் மேல்பக்கம் இரண்டு சிவந்த சதுரங்கள், ஓரம் கொப்பளித்து, அச்சுக் குத்தியது போல இருந்தன. காய்ந்த பசையால் கரண்ட் ஓரத்தில் குவிந்து சுட்டிருக்கிறது என்றார் டொக்டர். அந்தச் சூடு அல்ல விரலைக் கொண்டுபோனது. குளிசையும் கட்டும் இல்லாமல் இருந்த அந்த இரண்டு கிழமைதான்.

வார்ட்டில் அம்மாவோடு இருந்த இரவுகளில் அந்த வீடியோவின் உண்மையைத் தேடித் தேடி வாசித்தேன். என்னைக் கலங்கவைத்தது என்னவென்றால், அவர்கள் சொன்ன கதைக்கு அடியில் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. மூளையிலிருந்து கழுத்து வழியாக வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பைக் கரண்டால் தூண்டினால், உடம்பில் அழற்சியைக் கூட்டும் இரசாயனங்கள் குறைவதை கெவின் ட்ரேசி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரின் குழு 2000ஆம் ஆண்டு எலிகளில் காட்டியது. 2025 யூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்த வழியில் வந்த ஒரு கருவியை ஏற்றுக்கொண்டதும் உண்மை. ஆனால் அது முடக்குவாத மூட்டழற்சிக்கு, அதுவும் மருந்துகள் சரிவராத பெரியவர்களுக்கு. சத்திரசிகிச்சை செய்து கழுத்துக்குள் வைப்பது. சீழ்ப்புண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காலில் ஒட்டுகிற சதுரம் கழுத்து நரம்பை எப்படித் தொடும்?

கிருமிக் கதையும் அப்படித்தான். புண்ணில் பக்டீரியாக்கள் கூட்டமாகச் சேர்ந்து, தங்களைச் சுற்றி வழுவழுப்பான படலம் கட்டிக்கொண்டு ஒளிந்திருக்கும். மருந்து அதற்குள் இலேசில் வேலை செய்யாது. சிறிய மின்னோட்டம் கொடுத்தால் அந்தப் படலத்துக்குள் கிருமிகொல்லிகள் நன்றாக வேலை செய்வதாக 1992இல் கொஸ்டர்ட்டன் என்பவரின் குழு ஆய்வுகூடத்தில் கண்டது. கவனியுங்கள்: மருந்தோடு சேர்த்துக் கரண்ட். எங்களுக்குச் சொன்னது மருந்தை நிறுத்திவிட்டுக் கரண்ட். ஆராய்ச்சியைத் தலைகீழாகப் பிடித்து அம்மாவின் காலில் ஒட்டியிருக்கிறார்கள். ஆறாத புண்ணுக்கு மின்தூண்டல் கொடுத்துப் பார்க்கிற வைத்தியர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களும் புண்ணைத் துப்புரவாக்கி, சீனியைக் கட்டுப்படுத்தி, மருந்தைத் தொடர்ந்துகொண்டுதான் கொடுக்கிறார்கள்.

அந்தச் சாம்பல் பெட்டி எங்கள் ஆஸ்பத்திரி பிசியோதெரபி அறையிலும் இருக்கிற ரகம். நோவைக் கொஞ்ச நேரம் மறைக்கும். தோலில் ஓடுகிற கூச்சம் நோவுச் செய்தி மூளைக்கு ஏறாமல் வாசலில் மறிக்கும் என்று 1965இல் மெல்சாக், வோல் என்ற இருவர் விளக்கினார்கள். பீஸ் பட்ட அன்ரிக்குக் கிடைத்த ஆறுதல் பொய்யில்லை, அந்த ஆறுதலுக்குச் சொன்ன காரணம்தான் பொய்.

விரல்கள் எடுத்து 19 நாள் வார்ட்டில் இருந்தோம். அம்மா ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. "வயலுக்கு இனிச் செருப்பு எப்பிடிப் போடுறது பிள்ளை?" என்று மட்டும் கேட்டா.

தவணை கேட்டு மூன்று தரம் போன் வந்தது. நான் பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் கண்டேன், அதில் பதிவு இலக்கமும் இல்லை, விலாசமும் இல்லை, ஒரு போன் நம்பர் மட்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி மருத்துவக் கருவிகள் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதியப்பட்டிருக்கவேண்டும். பதிவைக் காட்டுங்கள் என்று கேட்டேன். அடுத்த நாளிலிருந்து அந்த நம்பர் வேலை செய்யவில்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது நடப்பதால் அவர்களின் பெயர் இங்கே போடவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கும் சொல்லியிருக்கிறேன். உங்களிடமும் பற்றுச்சீட்டு இருந்தால் எறியவேண்டாம், எனக்கு ஒரு தகவல் போடுங்கள், சேர்ந்து கொடுப்போம்.

மிசின் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருந்தால், அதைப்பற்றிச் சண்டை பிடிக்காமல் முதலில் குளிசையை நிறுத்திவிட்டார்களா என்று கேளுங்கள். நிறுத்தியிருந்தால் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே கூட்டிப் போங்கள். காலில் சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால், விடியும்வரை பார்க்கவேண்டாம்.

நேற்று ஒட்டுசுட்டான் பக்கம் ஒருவர் அதே அறிவிப்பைக் கேட்டிருக்கிறார். மஞ்சள் நோட்டீஸ், வெள்ளைக் கோட், முதல் பத்து நாள் இலவசம் என்கிற பேச்சு.